சால்வைக்காரரின் நோட்டு

கிருஷ்ணநகர் கிளையில் இருந்த மூன்று வருஷமும், கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவுக்கு சால்வைக்காரர் வந்துவிடுவார். காஷ்மீர்க்காரர். சைக்கிளில் பெரிய மூட்டை. வங்காளத்தில் சின்ன ஊர், கிராமம் எல்லாம் இவர்கள் தடம்தான். சால்வையைக் கொடுத்துவிட்டுப் போவார், மாசாமாசம் தவணை. பங்குனிக்குள் வசூலை முடித்து ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஜாமீன் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒரு நீள நோட்டில் உருதுக் கிறுக்கல், அவ்வளவுதான்.

"யாருன்னே தெரியாம 3,000 ரூபா சரக்க விட்டுட்டுப் போறாரே?" என்றேன் தங்கமணியிடம். "ஏன், நம்ம ஊர்ல தவணைத் துணிக்காரர் விடலையா?" என்றாள்.

வாஸ்தவம். அம்மாவின் தவணை அட்டை அரிசிப் பானைக்குள் இருக்கும். அப்பாவுக்குத் தெரியாது. அம்மா பெயரில் ஊரில் இருந்த ஒரே கடன் கணக்கு அதுதான்! கடைவீதி விலையைவிடக் கூடுதல்தான், வட்டி அதற்குள்ளேயே இருக்கும்.

எல்லாம் இனிப்பான கதையில்லை. வட்டிக்குக் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் பட்டாணியரைத்தான் நம் பெரியவர்கள் ஈட்டிக்காரன் என்றார்கள். வங்காளத்தில் அவர்களே காபூலிவாலா. பெருங்காயம், உலர்பழம் விற்பார்கள், கடனும் கொடுப்பார்கள். தாகூரின் 1892-ம் வருஷக் கதையில் காபூலிவாலா ஜெயிலுக்குப் போனது எதனால் தெரியுமா? கடனுக்கு வாங்கிய சால்வையை ஒருவன் வாங்கவே இல்லை என்று சாதித்ததால் வந்த கத்திக்குத்து.

2019 ஜனவரியில் நம்ம சால்வைக்காரர் கிளைக்கே வந்தார். சரக்குக்கு 50,000 கடன் வேண்டுமாம். ஐந்து மாச வாடகை அறை, உள்ளூர் முகவரிச் சான்று இல்லை. நோட்டை மேஜைமேல் வைத்தார். "இதுல 60 வீடு இருக்கு, மேனேஜர் பாபு." அதில் ஒரு வீடு என்னுடையது. டீ வாங்கிக்கொடுத்து, முடியாது என்று அனுப்பிவிட்டேன். விதிப்படி சரிதான். ஆனால் அன்று ராத்திரி அவர் கொடுத்த சால்வையைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

அடுத்த மாசம் புல்வாமா. எங்கள் நதியா மாவட்டத்திலேயே, தாஹேர்பூரில் ஒரு சால்வை வியாபாரியை அடித்துவிட்டார்கள். நம்மவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார், வசூல் பாதியில் நிற்க. நாங்கள் தரவேண்டியது 1,200. தங்கமணி அதைக் கவரில் போட்டு பீரோவில் வைத்தாள். ஆகஸ்ட் 5-க்குப் பிறகு காஷ்மீருக்குப் போனும் போகவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

டிசம்பரில் வந்தார். மூட்டை சின்னதாகியிருந்தது. பக்கத்தைப் புரட்டி எங்கள் வரியைக் கண்டுபிடித்து, பணத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். புத்தி போகுமா, எத்தனை வீட்டில் பாக்கி நிற்கிறது என்று கேட்டேன்.

"பதிமூணு."

"அவங்களுக்கு இந்த வருஷமும் கடன் கொடுப்பீங்களா?"

"மூணு வீட்டுக்குக் கிடையாது. மத்த பத்து வீட்டுல ஒண்ணு சீக்கு, இல்ல சாவு. கொடுப்பேன்" என்று மூட்டையை அவிழ்த்தார்.