சட்டம் நிற்கும் இடம்



இங்கிலாந்துச் சட்டத்தில் எல்.எல்.பி. பயிலச் செல்லும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்படி பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்தப் படிப்பு பிள்ளையின் இருதயத்தைக் கடினப்படுத்திவிடுமோ என்னும் அச்சமும் அவர்கள் சொற்களில் தொனிக்கும். அவர்களுக்கு நான் சொல்வதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஒப்பந்தம், குற்றவியல், நிலம், அரசியலமைப்பு ஆகியவற்றோடு தீங்கியல் சட்டத்தையும் அம்மாணவர்கள் கற்கிறார்கள். அதில் எவரும் தவறாமல் படிக்கும் வழக்கு, டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், மே டொனஹியூ என்னும் ஏழைப் பெண்ணுக்கு நண்பர் ஒருவர் இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்தார். குப்பியிலிருந்து அழுகிய நத்தை வெளிவந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். விலை கொடுத்தவர் நண்பர். ஆகவே ஒப்பந்தத்தின்படி வழக்காட அவருக்கு வழியில்லை. 5 பவுன் பெறுமான சொத்தும் தமக்கில்லை என்று உறுதிகூறி, ஏழை வழக்காளராகப் பிரபுக்கள் சபைவரை சென்றார்.

1932இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி கேட்ட கேள்வியையே அட்கின் பிரபு தம் தீர்ப்பின் மையத்தில் வைத்தார்: பிறன் யார்? நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று முன்னரே நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒவ்வொருவரும் பிறனே என்று விடை கண்டார். முகம் அறியாத ஒருவரிடத்திலும் பானம் தயாரிப்பவருக்குக் கடமை உண்டு என்பது இவ்வாறு நிலைபெற்றது. இங்கிலாந்துச் சட்டமும் இதையே அடித்தளமாக ஏற்றது.

ஆயினும், சட்டம் தரும் விடை குறுகியது என்பதை அவரே உணர்ந்திருந்தார். பிறனை நேசிக்கும் கட்டளை, சட்டத்தில் பிறனுக்குத் தீங்கிழைக்காதிருக்கும் கடமையாகச் சுருங்குகிறது. நீரில் மூழ்கும் அந்நியனைப் பார்த்துக்கொண்டே ஒருவன் நடந்து சென்றாலும், விசேஷித்த உறவோ பொறுப்போ இல்லையெனில், இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக அவனைக் குற்றப்படுத்துவதில்லை. எரிகோ சாலையில் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் அந்த நீதிமன்றத்தில் விடுதலை பெறுவார்கள்!

இதற்காகச் சட்டத்தைப் பழிக்க வேண்டாம். ஏழையின் குப்பிக்கும் அது காவலாய் நின்றது. தீங்கைத் தடுக்க அதற்கு வல்லமை உண்டு. அன்பைக் கட்டாயப்படுத்த வல்லமை இல்லை. சட்டம் கற்ற பிள்ளை, சட்டத்தின் எல்லையையே தன் வாழ்வின் எல்லையாகக் கொள்வதே ஆபத்து.

இயேசுவோ கேள்வியையே திருப்பினார். எனக்குப் பிறன் எவன் என்று கணக்கிடாமல், விழுந்துகிடந்தவனுக்குப் பிறனாயிருந்தவன் எவன் என்று பார்க்கச் செய்தார். கேள்வி கேட்டவனைக் கிரேக்க மூலம் நோமிக்கோஸ், அதாவது சட்டம் கற்றவன் என்றே அழைக்கிறது. அவன் கல்வியைத் துறக்கும்படி ஆண்டவர் சொல்லவில்லை. இரக்கம் செய்யும்படி அவனை அனுப்பினார்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளைகளை அஞ்சாமல் அனுப்புங்கள். கடமை எங்கே முடிகிறது என்பதை அவர்கள் நுட்பமாய்க் கற்கட்டும். இரக்கம் அங்கே முடிவதில்லை என்பதை நம் வீடுகளில் நம்மைப் பார்த்துக் கற்கட்டும். இந்த வாரம், எந்தச் சட்டமும் நம்மிடம் கேளாத ஒரு நன்மையை ஒருவருக்குச் செய்வோமாக.