ஒரு பீடி நேரம்

சிங்கவரம் ரங்கநாதர் மலைக்குக் கீழே எங்க மல்லாட்டைக் கொல்லை. சின்ன வயசுல ராக்காவலுக்குப் போனா, நரிக்குறவர் தாத்தா ஒருத்தர் வாயைக் குவிச்சு நரி மாதிரியே ஊளையிடுவார்.

"ஒரு பீடி எரியற நேரம் இரு சாமி. பதில் வரலேன்னா இடத்தை மாத்து. வந்துட்டா அசையாத."

மல்லாட்டையைத் தோண்டித் தின்னுதேன்னு கோபம். நரி இருந்த புதரைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்னிக்கு நரி வேட்டை குற்றம். ஆனா எங்க பக்கம் நரிச் சத்தமே இல்லை. எலிதான் வரப்பெல்லாம் வளை போட்டிருக்கு. அதைத் தின்னதும் நரிதான்னு தாமதமாத்தான் புரிஞ்சுது.

நேத்து ராத்திரி நானே ஊளையிட்டேன். ஒரு பீடி நேரம் போச்சு. இடத்தை மாத்த மனசு வரலை. விடியற வரைக்கும் அங்கேயே நின்னேன்.