100 எம்பிபிஎஸ்ஸும் பம்மல் டீச்சர் வீடும்

பம்மல் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 2002ல் வந்த கமல் படம் தான். கொஞ்சம் பழைய ஆட்களுக்கு நாடகத்தை வளர்த்த பம்மல் சம்பந்த முதலியார். ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால், பல்லாவரம் - குன்றத்தூர் சாலையின் சாயங்கால நெரிசலைத் தான் சொல்வார்கள்! ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, பஸ், நடுவில் புகுந்து போகும் பைக்குகள்... அந்த நெரிசலை ஒரு ஓரமாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் அது தேவைப்படும்.

அந்தச் சாலையில் இருந்து உள்ளே நாலைந்து தெரு தள்ளி ஒரு வீடு. தெருவில் எல்லோருக்கும் அது "டீச்சர் வீடு". டீச்சர் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக் கொண்டிருந்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பள்ளி மூடியது, சம்பளமும் நின்றது. கணவர் நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரே மகன், இன்ஜினியரிங் படிக்கிறான். என்ன செய்வது என்று யோசித்த டீச்சர், மஸ்கட்டில் இருக்கும் உறவுக்காரர் மூலமாக ஆன்லைனில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு பையன். அப்புறம் துபாயில் இரண்டு பிள்ளைகள். மெல்ல மெல்ல ஐந்து பேர் ஆனார்கள். வீட்டு வாடகையும் மகனின் காலேஜ் பீஸில் ஒரு பங்கும் அந்த ஐந்து பேரிடம் இருந்து தான் வந்தன.

மஸ்கட்டும் துபாயும் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே பிள்ளைகள் 6 மணிக்குப் படிக்க உட்கார்ந்தால் இங்கே 7.30. வகுப்பு முடியும்போது இரவு 9.30. ஊரே டிவி முன்னால் உட்காரும் நேரம் அது.

இப்படி ஓடிக் கொண்டிருந்த வீட்டுக்கு ஒரு நாள் இணைய கம்பெனியில் இருந்து மெசேஜ் வந்தது. நெட்வொர்க்கை மேம்படுத்தி விட்டார்களாம். 40 எம்பிபிஎஸ் இனிமேல் 100 எம்பிபிஎஸ். கூடுதல் கட்டணம் கிடையாது! இரண்டு பேர் வந்து பழைய ஒயரைக் கழற்றி, மெல்லிசான ஃபைபர் ஒயர் போட்டு, புதுப் பெட்டியை மாட்டி விட்டுப் போனார்கள். டீச்சர் அவர்களுக்கு காபி கூடக் கொடுத்தார்.

அந்த வாரமே வகுப்பு உறைய ஆரம்பித்தது.

"டீச்சர், பாதி நேரம் உங்க படம் அப்படியே நிக்குது, குரல் மட்டும் விட்டு விட்டு வருது" என்றார் மஸ்கட்டில் இருக்கும் ஒரு அப்பா. முதல் முறை பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது முறை, "பரீட்சை நெருங்குதும்மா, வேற ஏற்பாடு பாத்துக்கறோம், தப்பா நினைக்காதீங்க" என்றார். ஐந்து பேர் நாலு பேர் ஆனார்கள்.

பழி யார் மேல்?

வீட்டில் சண்டை வந்தது. அப்பாவுக்கு சந்தேகமே இல்லை. "டேய், நீ ராத்திரி பூரா கேம் ஆடறே, அதான் உங்கம்மா கிளாஸ் நிக்குது" என்று மகன் மேல் பழியைப் போட்டார். அவன் அந்த நேரத்தில் கேம் ஆடுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. சொன்னாலும் யார் நம்புவார்கள்?

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார்கள். மறுநாள் காலை 11 மணிக்கு டெக்னீஷியன் வந்தார். தன் போனை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று டெஸ்ட் போட்டார். 95 என்று காட்டியது. "நல்லாத் தானேக்கா வருது" என்று சொல்லி விட்டுக் கிளம்பி விட்டார். அவர் சொன்னதும் பொய் இல்லை. காலை 11 மணிக்கு, பெட்டிக்குப் பக்கத்தில், நன்றாகத் தான் வந்தது!

கொஞ்சம் பழைய கதை

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியபோது சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. டெலிபோன் ஒயரில் கீச் கீச் என்று சத்தம் போட்டுப் போகும் டயல் அப் மோடம், 56 கேபிபிஎஸ் வந்தாலே பெரிய விஷயம். 5 எம்பி பாட்டு ஒன்று இறங்க கிட்டத்தட்ட 12 நிமிடம். 2004ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை வந்தது. குறைந்தது 256 கேபிபிஎஸ் இருந்தால் தான் பிராட்பேண்ட் என்று அது வரையறுத்தது. அதே பாட்டு இரண்டரை நிமிடத்தில் இறங்கியது.

அப்புறம் 2007. அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் அந்த ஆண்டை பிராட்பேண்ட் ஆண்டு என்று அறிவித்தார். ஜனவரி 1 முதல் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் இணைப்புகளின் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை உயர்ந்தது. ஒரே நாளில் எட்டு மடங்கு! ஆனால் அந்தக் காலத்தில் மாதத்துக்கு 400 எம்பி மட்டுமே கொண்ட திட்டங்களும் உண்டு. 2 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினால் 400 எம்பி அரை மணி நேரத்துக்குள் தீர்ந்து விடும். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் வராத திட்டம் வைத்திருந்தவர்கள் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டது தனிக் கதை.

அன்றைக்கு இணையம் வந்தது டெலிபோனின் செம்பு ஒயரில். அதில் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்சேஞ்சில் இருந்து வீடு எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு சிக்னல் தேய்ந்து போகும். 256க்குப் போதுமான பழைய ஒயரில் 2 எம்பிபிஎஸ்ஸைத் தள்ளினால், மழை பெய்து ஜாயின்ட் நனைந்தால் போதும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். "வேகத்தைக் கூட்டினதில் இருந்து தான் மோசம்" என்று சொன்னவர்கள் உளறவில்லை. அதற்கு இயற்பியல் காரணம் இருந்தது.

ஃபைபரில் அந்தத் தேய்மானம் மிகக் குறைவு. அப்படியானால் டீச்சர் வீட்டில் என்ன தான் பிரச்சினை?

ஒரு நோட்டுப் புத்தகம்

மகன் தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரு 40 பக்க நோட்டை எடுத்தான். காலை 6, மதியம் 1, மாலை 5, இரவு 9 என்று நாளுக்கு நாலு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு அளவு. ஒன்று, லேப்டாப்பை நேராகப் பெட்டியில் ஒயரால் இணைத்து. இன்னொன்று, டீச்சர் வகுப்பு எடுக்கும் பின்பக்க அறையில் வைஃபையில். ஏழு நாள் விடாமல் எழுதினான்.

காலை 6 மணிக்கு ஒயரில் 94. பின்பக்க அறையில் வைஃபையில் 22. இரவு 9 மணிக்கு ஒயரில் 7, 8, மிஞ்சினால் 9. வைஃபையில் 3, சில சமயம் 1க்கும் கீழே.

இந்த நாலு எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் ஒயருக்கும் வைஃபைக்கும் இருக்கும் வித்தியாசம் வீட்டுக்குள் இருக்கும் கோளாறு. ஒயரிலேயே காலைக்கும் இரவுக்கும் இருக்கும் வித்தியாசம் வீட்டுக்கு வெளியே இருக்கும் கோளாறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொண்டதால் தான் கம்பெனி வீட்டைக் கை காட்டியது, வீடு கம்பெனியைக் கை காட்டியது.

முதலில் வீட்டுக்குள். புதுப் பெட்டியை ஹாலில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். இரும்பு வைஃபைக்கு ஆகாது. மேலும் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக் கொண்டிருந்தது. அந்த அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்று தான். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பதினைந்து வீட்டுப் பெட்டிகள் அந்த மூன்றுக்குள் அடித்துக் கொண்டால்? கடையில் 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, பெட்டியில் இருந்து டீச்சர் மேஜை வரைக்கும் இழுத்து ஆணி அடித்தான். வைஃபை பிரச்சினை அத்தோடு முடிந்தது.

அடுத்தது கொஞ்சம் வேடிக்கை. சில நாட்களில் வேகம் நன்றாக இருந்தும் பிங், அதாவது ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பும் நேரம், 30 மில்லி செகண்டில் இருந்து 400க்குத் தாவியது. ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பார்த்தான். கடைசியில் மாட்டியது... அப்பாவின் போன்! குரூப்பில் வரும் காலை வணக்கப் படங்கள், கோயில் வீடியோக்கள், எல்லாவற்றையும் அது தானாகவே எங்கோ மேலே ஏற்றிச் சேமித்துக் கொண்டிருந்தது. மேலே ஏற்றும் பாதை அடைத்துக் கொண்டால், டீச்சரின் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது தான். அப்பா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்துக் கொண்டே, "சரி, அதை எப்படி நிறுத்தறதுன்னு காட்டு" என்றார். அந்த வீட்டில் அது மன்னிப்புக்குச் சமம்.

தெருவுக்கு வெளியே

ஆனால் இரவு 9 மணி எண் அசையவில்லை. ஒயரிலும் அதே 8 தான்.

வீடியோ வகுப்புக்கு 2, 3 எம்பிபிஎஸ் போதுமே, 8 வந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். 8 என்பது சராசரி. நெரிசல் நேரத்தில் ஒரு நொடி 15 வரும், அடுத்த இரண்டு நொடி ஒன்றுமே வராது. சினிமா பார்ப்பவருக்குத் தெரியாது, ஏனென்றால் டிவி முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்துக் கொள்ளும். நேரலைப் பேச்சில் சேர்த்து வைக்க வழியில்லை. அந்த இரண்டு நொடியில் தான் டீச்சர் கையைத் தூக்கியபடி சிலையாக நின்றார்.

மகன் பக்கத்து மூன்று வீடுகளிலும் இரவு 9 மணிக்கு அளந்து பார்த்தான். எல்லா இடத்திலும் அதே கதை. மறுபடி வந்த டெக்னீஷியனிடம் நோட்டைக் காட்டியதும் அவர் உண்மையைச் சொன்னார். "தம்பி, வீட்டுப் பக்கம் மட்டும் தான் மாத்தியிருக்கோம். இந்த ஏரியாவுக்கு மேல இருந்து வர்ற லைன் பழசு தான். ஆஃபர்னு சொல்லி புது கனெக்ஷன் வேற நிறைய குடுத்துட்டாங்க."

இப்போது அந்தச் சாயங்கால நெரிசலை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். தெருக்களை எல்லாம் அகலமாக்கி விட்டு, எல்லா வண்டியும் போய்ச் சேரும் பல்லாவரம் முனையை அப்படியே விட்டால் என்ன ஆகும்? முன்னை விட வேகமாகப் போய் முன்னை விடப் பெரிய நெரிசலில் நிற்கலாம்! ஒரு கணக்குக்கு, மேலே இருந்து வரும் லைன் 1000 எம்பிபிஎஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 120 வீடுகள் படம் பார்த்தால் ஆளுக்கு 8 சொச்சம் தான். அதற்கு மேல், வேகம் கூடியதைப் பார்த்ததும் டிவிகள் தாமாகவே படத்தின் தரத்தையும் கூட்டிக் கொள்ளும். 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடிய படம் 4கேவுக்குப் போனால் 15க்கு மேல் கேட்கும்.

ஒரு லைனைப் பல வீடுகள் பங்கு போடுவது தவறில்லை. எல்லா கம்பெனியும் அப்படித் தான் செய்கிறது, இல்லாவிட்டால் கட்டணம் கட்டுப்படியாகாது. எத்தனை பேர் என்பது தான் கேள்வி. நெரிசல் நேரத்தில் லைன் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது என்று டிராய் 2006லேயே விதி கொண்டு வந்தது. 2009ல் வீட்டு இணைப்புகளுக்கு இந்தப் பங்கு 1:50க்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. டெக்னீஷியன் வந்து அளக்கும் காலை 11 மணியில் இதெல்லாம் தெரியாது.

டீச்சரும் பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் தனித்தனியாகப் புகார் பதிவு செய்து, டாக்கெட் எண்களைக் குறித்துக் கொண்டார்கள். பதில் சரியில்லை என்றதும் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். 2012ம் ஆண்டு விதிகளின்படி மேல்முறையீட்டை 39 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். டிராய் தனிப்பட்ட புகார்களை விசாரிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு மேலும் போக வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு புகார்களுடன் அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லி விட்டது.

அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. மூன்றாவது வாரம் ஏதோ ஒரு ராத்திரியில் இணைப்பு ஒரு மணி நேரம் நின்று திரும்பி வந்தது. மறுநாள் இரவு 9 மணிக்கு மகன் நோட்டில் எழுதிய எண் 61. மெசேஜில் சொன்ன 100 இல்லை. ஆனால் டீச்சர் உறையவில்லை.

போன மஸ்கட் பையன் திரும்பி வரவில்லை. அவன் இடத்துக்கு இன்னும் யாரும் சேரவும் இல்லை. அந்த மாதம் காலேஜ் பீஸுக்குக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டி வந்தது. எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இது வராது.

நோட்டில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது. இப்போது இரவு 9 மணி எண்ணை அப்பா எழுதுகிறார்.

உங்கள் வீட்டிலும் இதே கதை என்றால் இன்று இரவு 9 மணிக்கு ஒயரை மாட்டி ஒரு முறை அளந்து பாருங்கள். நாளைக் காலை 6 மணிக்கு இன்னொரு முறை. வீட்டில் இருப்பவர்களோடு சண்டை போடுவதை அதற்கு அப்புறம் வைத்துக் கொள்ளலாம்!