மேலுதடு இறங்கும் வரை

என்னிடம் ஸ்பீச் தெரபி பயிற்சிக்கு வரும் மாணவப் பிள்ளைகள் முதல் நாளே கையுறையை மாட்டிக்கொண்டு குழந்தையின் வாய்க்குள் விரலை விடப் பார்ப்பார்கள். வேண்டாம் என்பேன். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு வாயைச் சுற்றித் தொட்டாலே தாங்காது. பட்டும் படாமல் தொட்டால் இன்னும் கூசும். உள்ளங்கையில் தொடங்கி முழங்கை, தோள், கன்னம் என்று அழுத்தமாகத் தொட்டு வந்து உதட்டோரத்தில் கையை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போகலாமா என்பதைக் குழந்தையே காட்டிவிடும். தலையைத் திருப்பிக்கொண்டால் இன்றைக்கு அவ்வளவுதான். கன்னம் வரை வருவதற்கே வாரக்கணக்கில் ஆகிற குழந்தைகளும் உண்டு.

ஸ்பூன் பிடிப்பதை, எனக்குப் பயிற்சி கொடுத்த மேடம் ஊட்டுவதைப் பார்த்துத்தான் கற்றேன். அதிகம் குழியில்லாத சப்பை ஸ்பூன், நுனியில் மட்டும் கொஞ்சம் மசித்த பருப்பு சாதம். வாய்க்கு நேராகக் கொண்டுபோய் நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்துவார். அப்புறம் அவர் கை அசையாது. மேலுதடு தானாக இறங்கி ஸ்பூனை வழித்தெடுக்கும் வரை அப்படியே இருப்பார். வீட்டில் ஊட்டுகிற கைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்பூனை மேலே தூக்கி மேற்பல்லில் வழித்துவிட்டு அடுத்த வாய்க்குத் தயாராகிவிடும். கையால் ஊட்டினாலும் இதேதான், கட்டைவிரல் உருண்டையை உள்ளே தள்ளிவிடுகிறது. வயிறு நிரம்பும், உதட்டுக்கு வேலை இருக்காது. வேலை செய்யாத உதடு மூடிப் பழகாது, எச்சில் ஒழுகும். ஒழுகிய எச்சிலைத் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தேய்க்கத் தேய்க்க அந்த இடம் இன்னும் கூசும்.

உட்காருவதையும் பாருங்கள். இடுப்பு நிலையாக இல்லாவிட்டால் தாடையும் நிலைக்காது. நாற்காலியில் கால் தொங்கினால் பாதத்துக்கு அடியில் ஒரு மனைப்பலகையைப் போடுங்கள். மடியில் அண்ணாந்து படுக்கவைத்து ஊட்டுவது வேண்டவே வேண்டாம், புரையேறும்.

மெல்லுவதில்தான் எங்களுக்கு வேலை அதிகம். கைக்குழந்தையின் தாடை முதலில் மேலும் கீழும் மட்டுமே ஆடும். திருகை போலச் சுற்றி அரைக்கிற மெல்லல் இரண்டு மூன்று வயது வரை மெல்ல மெல்ல முதிர்கிறது. அதற்கு நாக்கு உணவைக் கடைவாய்ப் பல்லுக்குத் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து, ஆறு வயது வரை மிக்ஸியில் அடித்த சாதமே கொடுத்தால் நாக்குக்கு அந்த வழி தெரியாமலே போய்விடும்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பையன் அரைத்த சாதம்தான் சாப்பிடுவான், ஆனால் முறுக்கு என்றால் விடமாட்டான். “முறுக்கக் கடிக்கிறவன் சோத்த மெல்ல மாட்டானா மேடம்? எல்லாம் பிடிவாதம்னு எங்க மாமியார் சொல்றாங்க” என்றார். அவனிடம் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பல்லால் நொறுக்கினான், எச்சிலில் ஊறவைத்தான், நாக்கை அண்ணத்தில் அழுத்திக் கரைத்து விழுங்கினான். கடைவாய்ப் பக்கம் நாக்கு போகவே இல்லை. பிடிவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு அந்த முறுக்குதான் எங்களுக்குக் கருவி. நீளத் துண்டாக ஒடித்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்தேன். நறுக்கென்ற சத்தம் அவனுக்குப் பிடித்துவிட்டது. வலப்பக்கம் சில கடி, இடப்பக்கம் சில கடி. அது படிந்ததும் முறுகல் தோசையின் ஓரம், பிறகு அதே தோசையின் நடுப்பகுதி, பிறகு நெய்யில் வறுத்த இட்லித் துண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பதம் மாறும்போது ருசி அப்படியே இருக்கட்டும்; ருசி மாறினால் பதத்தைத் தொடாதீர்கள். தட்டின் நிறம் மாறினாலே எழுந்துவிடுகிற குழந்தைகள் இவர்கள்.

முறுக்குப் பழக்கம் இல்லாத குழந்தைக்குக் கூழ்வடாம் நல்லது, எச்சில் பட்டதும் இளகிவிடும். அதுவும் பயமாக இருந்தால் சப்போட்டாத் துண்டை நனைத்த மல் துணியில் முடிந்து, நுனியைக் கையில் பிடித்தபடி கடைவாயில் வையுங்கள். கடிக்கக் கடிக்கச் சாறு இறங்கும், துண்டு தொண்டைக்குப் போகாது. வேர்க்கடலை, சீடை, முழுத் திராட்சை மூன்றையும் இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

உறிஞ்சிக் குடிக்கப் பழக்க ஸ்ட்ராவைக் குட்டையாக நறுக்கிக்கொள்ளுங்கள். மோரில் தோய்த்து, மேல்நுனியை விரலால் மூடி எடுத்து, உதட்டில் சொட்டவிட்டால் உறிஞ்சுவது என்னவென்று பிடிபடும். பல்லால் கடித்துப் பிடிக்கிற குழந்தைக்கு ஸ்ட்ரா உள்ளே அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். உதட்டளவுக்கு வெளியே இழுங்கள். மோர் பழகியபின் கேழ்வரகுக் கஞ்சி.

திருவிழாவில் பீப்பி வாங்கிக் கொடுத்தால் பேச்சு வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் தொழிலிலேயே அந்த நம்பிக்கை உண்டு. 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பில் 85 சதவீத ஸ்பீச் தெரபிஸ்ட்கள் இப்படிப் பேச்சு சேராத வாய்ப்பயிற்சிகளைக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பலர் செய்வதால் அது பலிக்கும் என்றாகிவிடாது. ஊதினால் ஊதத்தான் வரும். ‘பா’ வர வேண்டுமென்றால் பால், பாட்டி, பாப்பா என்று வேண்டிய பொருளை வைத்து ‘பா’ சொல்லித்தான் பழக வேண்டும். அதுவரை படத்தைக் காட்டிக் கேட்டாலும் பேச்சாகவே எடுத்துக்கொண்டு கேட்டதைக் கொடுங்கள். பீப்பி விளையாட்டுக்கு இருக்கட்டும். வாய்ப்பயிற்சியின் பலன் சாப்பாட்டிலும் குடிப்பதிலும் பல்துலக்குவதிலும் தெரியும். அம்மாக்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சிலர் முகம் வாடும். ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், விழுங்கியபின் குரலில் களகளப்பு, அடிக்கடி நெஞ்சுச் சளி என்று இருந்தால் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள், முதலில் டாக்டர் பார்க்கட்டும். நேற்று வரை மென்றவன் இன்று மறுத்தால் பல்லைப் பாருங்கள், மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். வலியை வாயால் சொல்லத் தெரியாத குழந்தை சாப்பாட்டைத்தான் தள்ளிவிடும்.

பசி உச்சத்தில் இருக்கும்போது பயிற்சி வேண்டாம், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஐந்து நிமிடம் போதும். அப்போது செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் பழைய பதத்துக்கே திரும்பிவிடுங்கள், மசித்த சாதத்துக்குக்கூடப் போகலாம். உடம்பு தேறியபின் விட்ட இடத்திலிருந்து இரண்டு படி கீழே தொடங்கினால், முதல் தடவை ஆன அளவு நாளாகாது.