கீரை வாடுவதற்குள் போய்விடுங்கள்

உழவர் சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் விலைப்பலகையைப் பாருங்கள். அன்றன்றைய விலை அதில் இருக்கும், பேரம் பேசத் தேவையே இல்லை. கீரைக்கட்டு விற்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்ததே, இடைத்தரகர் இல்லாமல் அந்தக் காசு விளைவித்தவர் கைக்குப் போகத்தானே!

கத்தரிக்காய்க் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். பிஞ்சுச் சுரைக்காயில் நகம் இறங்கும். அதற்காக எல்லாக் காயிலும் நகம் பதித்துவிட்டு வராதீர்கள், பாவம் அவர்கள். என்ன சமைப்பதென்று வீட்டிலேயே முடிவுசெய்யாமல்தான் போவேன். எந்தக் காய் குவிந்து கிடக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் மலிவு, அதுதான் புதிது. முருங்கைக்கீரை கிடைத்தால் விடமாட்டேன்.

கீரையை வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். துணிப்பையை மறக்காதீர்கள்.