விண்ணப்பிக்கச் சொல்லும் வேலை

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் போதிக்கிறவனுக்குப் பாடத்திட்டத்தில் எங்கும் எழுதப்படாத ஒரு கடமையும் தானாகவே வந்து சேருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டு நிற்கும் பிள்ளைக்கு அதன் யோக்கியதைக்குத் தக்க இடத்தைச் சொல்வதும், சொன்ன பிறகு அது சங்கோசத்தினால் பின்வாங்கிவிடாதபடி உடன் நிற்பதுமே அந்தக் கடமை. வகுப்பில் பாடம் நடத்துவதைவிட இது அரிய கலை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மாணவர்களை அதைரியப்படுத்துகிறவர்கள் அவர்களுக்கு விரோதிகள் அல்லர். தாய்மாமனும், பட்டணத்தில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனும், சில சமயம் ஆசிரியர் அறையில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்கூட, "அதெல்லாம் நமக்கு எட்டாதுப்பா" என்றும், "கிடைச்சாலும் அங்க போய்த் தாக்குப்பிடிக்க முடியாது" என்றும் சொல்லும்போது, பிள்ளை ஏமாந்து மனமுடைந்து திரும்பக் கூடாதே என்ற வாத்ஸல்யத்தினாலேயே சொல்லுகிறார்கள். ஆகையால் அவர்களோடு தர்க்கம் செய்து ஜயிப்பதில் பிரயோஜனம் இல்லை. நீ சாதித்துக் காட்டுவாய் என்ற பிரசங்கமும், மேடையில் கரகோஷம் பெறலாமே தவிர, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குக்கு விடையாகாது. அந்தக் கணக்குக்கு விவரமாக விடை சொல்வதையே நான் உற்சாகம் என்று கருதுகிறேன்.

கணக்கு முதலில் பணத்தைப் பற்றியது. ஐ.ஐ.டி.யில் வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் கல்விக் கட்டணம் என்று யாரோ சொல்லக் கேட்டு, இருக்கிற நிலத்தை விற்றாலும் போதாதே என்று மலைத்திருக்கும் பெற்றோருக்கு, பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் குறைவாக உள்ளவர்களுக்கும் அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்பதும், 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்பதும் பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை. இதைப் பேச்சாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுப்பது என் வழக்கம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு தனி என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். பாதி விவரத்தைச் சொல்லி அனுப்பிவைப்பது ஆசிரியன் செய்யத்தக்க காரியம் அன்று. தாளை இரண்டு தடவை படித்துப் பார்த்த பின், அதுவரை முகங்கொடுத்துப் பேசாத தகப்பனார், "எப்ப அப்ளிகேஷன் போடணும் சார்?" என்று கேட்பாரானால், பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம்.

நம் மாநிலத்துக்குள்ளேயே, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடங்கள் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருப்பதை அநேகமாக எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். அறியப்படாமல் கிடப்பவை வேறு. கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கி, இப்போது சிறுசேரியில் நிலைபெற்றிருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தைப் பற்றி உலகத்துக் கணித அறிஞர்கள் அறிந்த அளவுகூட நம் பள்ளிக்கூடங்கள் அறியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். அதன் நுழைவுத் தேர்வில் விடை மட்டுமின்றி, விடைக்குச் சென்ற வழியையும் முழுமையாக எழுதச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. ஆகவே, பயிற்சி மையத்தின் வாசலை மிதிக்காமல், ஒரே கணக்கோடு மாலை முழுவதும் மல்லுக்கட்டும் சுபாவமுள்ள பிள்ளைக்கு அது மிகவும் அனுகூலமானது. பழைய வினாத்தாள்களை அவர்களே இணையத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றை அச்செடுத்து, தேர்வு என்ற பேச்சே எடுக்காமல், இதைப் போட்டுப் பார் என்று கொடுத்துவிடுவேன். இரண்டு கணக்கை முடித்துவிட்டு மூன்றாவதைப் பற்றி விவாதிக்க வருகிற பிள்ளைக்கு அதற்கு மேல் உற்சாக வார்த்தை வேண்டியிருப்பதில்லை.

பாஷையைப் பற்றிய பயத்தையும் பிரித்துப் பார்த்தே பேச வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வும் தமிழில் உண்டு, ஆனால் ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. இதைப் பதினொன்றாம் வகுப்பின் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், கலைச்சொற்களை இரண்டு பாஷைகளிலும் பழகிக்கொள்ளப் போதுமான அவகாசம் கிடைக்கும். பெண்பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய்மாரிடமோ நான் வாதாடுவதே இல்லை. முன்னே அப்படித் தூரதேசம் போய்ப் படித்துவரும் ஒரு பெண்ணின் தாயாரை, தயங்கும் தாயாரோடு பேசவைத்துவிட்டு விலகிக்கொள்கிறேன். விடுதி எப்படி, லீவுக்கு எந்த ரயிலில் வருகிறாள், உடம்புக்கு வந்தால் யார் பார்க்கிறார்கள் என்று அவர்கள் கேட்டுச் சொல்லிக்கொள்ளும் விஷயங்களுக்கு என் வார்த்தை ஈடாகாது.

இவ்வளவும் கைகூடிய பிறகு, ஒரு சான்றிதழ் இல்லாமையால் காரியம் கெடுவதுண்டு. வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழே போதும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்க, ஐ.ஐ.டி. போன்ற மத்திய ஸ்தாபனங்களோ, மத்திய அரசின் படிவத்தில், அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வாங்கிய ஓ.பி.சி. சான்றைக் கேட்கின்றன; அது இல்லாவிட்டால் ஒதுக்கீட்டு உரிமை போய்விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, ஏப்ரல் பிறந்த கையோடு பிள்ளைகளை இ-சேவை மையத்துக்கு அனுப்பிவைப்பதும் ஆகவே என் போதனையில் ஓர் அங்கம்.

விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கும் பக்கத்து அரசு கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே மனுப் போடச் செய்கிறேன். பிள்ளையின் வருஷம் வீணாகாது என்று தெரிந்த பிறகே குடும்பத்தார் நிம்மதியாகச் சம்மதிக்கிறார்கள். அந்தச் சம்மதத்தோடு எழுதுகிற பிள்ளையும் பதற்றமின்றி எழுதுகிறது.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாகப் படித்தும் வாய் திறந்து எதையும் கேட்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவியை இந்த வாரமே தனியே அழைத்து, அவளுக்குத் தக்க ஸ்தாபனத்தின் பெயரையும், விண்ணப்பத்தின் கடைசித் தேதியையும், கட்டணச் சலுகையின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் வீட்டில் படிக்கப்படும்போது, முடிந்தால் நீங்களும் அங்கே இருங்கள்.