திருகு மூடிய இடைவெளி

கீழ்த்தாடையில் ஐந்து இம்ப்ளாண்ட். அவற்றின் மேல் இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய் வரை ஒரே துண்டாய் ஓர் உலோக ஃப்ரேம். பல் மருத்துவர் ஒரு கோடித் திருகை மட்டும் முடுக்கிவிட்டு மறுகோடியைப் பார்க்கிறார். அங்கே உலோகம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால், ஃப்ரேம் திரும்பவும் லேபுக்குப் போகும். ஷெஃபீல்ட் டெஸ்ட் என்று இதற்குப் பெயர். ஐந்து திருகையும் முடுக்கிவிட்டுப் பார்த்தால் இதே ஃப்ரேம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேயிலும் சந்து தெரியாது. சங்கடமே அங்கேதான். திருகு இடைவெளியை மூடியிருக்கிறது. மூடுவதற்காக உலோகத்தை வளைத்து, இம்ப்ளாண்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. நோயாளி இன்னும் ஒரு இட்லிகூடக் கடிக்கவில்லை. அதற்குள் பாரம் ஏறிவிட்டது.

சொந்தப் பல்லாக இருந்தால் இவ்வளவு கவலை வேண்டாம். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் உண்டு. தூளியில் கிடப்பதுபோலப் பல் அதில் கிடக்கிறது. மேலே மாட்டிய பிரிட்ஜ் கொஞ்சம் கோணலாக இருந்தாலும், நாளடைவில் பல் நகர்ந்து இடம் கொடுத்துவிடும்.

இம்ப்ளாண்டுக்கு அந்தப் படலம் கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானிமார்க் 1952-ஐ ஒட்டி முயல்களின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவிகளைத் திரும்ப எடுக்கப்போய், அவை எலும்போடு ஒன்றிப் போயிருப்பதைக் கண்டார். 1965-இல் கோத்தன்பர்க்கில் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானிய இம்ப்ளாண்டுகளைப் பதித்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை அந்த இம்ப்ளாண்டுகள் உழைத்தன. நாற்பது வருஷம் தாங்க வைத்த அந்தப் பிடிப்புதான் சில மைக்ரானுக்கு மேல் அசைய விடுவதும் இல்லை.

அப்படியானால் எவ்வளவு பிசகை அனுமதிக்கலாம்? 1983-இல் பிரானிமார்க் சொன்னது 10 மைக்ரான். 1991-இல் அதே ஊர்க்காரரான டோர்ஸ்டன் யெம்ட் சொன்னது 150. ஒரே ஊரில், எட்டு வருஷத்தில், பதினைந்து மடங்கு வித்தியாசம். இரண்டுமே அனுபவத்திலிருந்து எழுந்த மதிப்பீடுகள்; எலும்பை அளந்து பெற்ற எல்லைகள் அல்ல. 1996-இல் யெம்டும் அவருடைய சக ஆய்வாளர் புக்கும் நோயாளிகளின் வாயிலேயே அளந்தபோது, ஒரு ஃப்ரேம்கூட முழுதாகப் பொருந்தியிருக்கவில்லை. சராசரிப் பிசகு 100 மைக்ரானை ஒட்டி இருந்தது. ஐந்து வருஷம் பயன்படுத்தியவர்களிடமும் அது தானாகச் சரியாகிவிடவில்லை. ஆனாலும், பிசகுக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை.

சிலர் இந்த ஆய்வை அலட்சியத்துக்கு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்புக் கணக்கு. எலும்பு பொறுத்துக்கொண்டது என்பதால் திருகும் பொறுத்துக்கொள்ளும் என்று ஆகாது. திருகை முடுக்கும்போது அது இழுபட்டு நீள்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. டார்க் ரெஞ்சில் 15 நியூட்டன் சென்டிமீட்டர் காட்டினாலும், அதில் ஒரு பங்கு கோணல் ஃப்ரேமை வளைக்கவே செலவாகிவிட்டால், பிடிப்புக்கு மிஞ்சுவது குறைவு. ஆறு மாதத்தில் பல் ஆடுகிறது என்று நோயாளி வருவார். முடுக்கி அனுப்பினால் மறுபடி வருவார். மூன்றாம் முறை திருகு உடைந்திருக்கும், அல்லது போர்சலின் சில்லு பெயர்ந்திருக்கும்.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்க யெம்ட் ஒரு வழி சொன்னார். திருகு முதலில் இறுகத் தொடங்கிய இடத்திலிருந்து அரைச்சுற்றுக்கு மேல் போனால்தான் முழுதாக உட்காரும் என்றால், அந்த ஃப்ரேம் பொருந்தவில்லை. இந்தச் சோதனைக்கு விரல்நுனியும் பொறுமையும் போதும். எடுத்த எடுப்பில் ரெஞ்சைத் தூக்குகிறவருக்கு இது ஒருபோதும் பிடிபடாது.

பிசகு நுழையும் வாசல்கள் பல. அளவு எடுக்கும்போது இம்ப்ளாண்ட் முனைகளை பேட்டர்ன் ரெசினால் இணைத்துக் கட்டுவார்கள். இறுகும்போது அந்த ரெசினே சுருங்கி முனைகளை இழுக்கும். அதனால் அனுபவசாலிகள் முன்பே கட்டி, நடுநடுவே அறுத்து, சுருக்கம் அடங்கவிட்டு, அறுத்த சந்தில் மட்டும் துளி ரெசின் வைத்து மறுபடி சேர்க்கிறார்கள். அடுத்தது வார்ப்பு. கோபால்ட்-குரோம் ஆறும்போது இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கும். 60 மில்லிமீட்டர் நீளத்தில் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். அச்சு மாவின் விரிவு அதை ஈடுகட்ட வேண்டும். வளைந்த உருவத்தில் அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுபோல வராது. அதனால்தான் பழைய டெக்னீஷியன்கள் ஃப்ரேமை வெட்டி, வாயில் பொருத்தி, மறுபடி சால்டர் செய்தார்கள்.

இன்று டைட்டானியத் தட்டிலிருந்து மெஷின் கடைந்து தருகிறது. வார்ப்புச் சுருக்கம் ஒழிந்தது. ஆனால் மெஷினுக்கு வாய் தெரியாது, ஃபைல்தான் தெரியும். வாய்க்குள் ஓடும் ஸ்கேனர் சின்னச் சின்னப் படங்களைக் கோத்து முழுத் தாடையைக் காட்டுகிறது. கோக்கும் ஒவ்வொரு இடத்திலும் சிறு பிழை சேர்ந்து, மறுகோடியில் பெரிதாகிறது. கடைவதற்கு முன் பிளாஸ்டரில் ஒரு மாதிரிச் சட்டம் செய்து வாயில் மாட்டிப் பார்ப்பது இன்னும் வழக்கொழியவில்லை. பிளாஸ்டருக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. பொருந்தாவிட்டால் படக்கென்று உடையும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் கீழ்த்தாடை சும்மா இருப்பதில்லை. வாயை அகலத் திறக்கும்போது அதன் இரு பக்கமும் சற்றே உள்நோக்கி வளைகின்றன. ஆவென்று திறந்த வாயில் எடுத்த அளவு, ஏற்கெனவே வளைந்த தாடையின் அளவு. முடிந்த மட்டும் வாயைப் பாதி மூடச் சொல்லி அளவெடுப்பவர்கள் உண்டு. ஃப்ரேமை நடுவில் இரண்டாகப் பிரித்துவிடுபவர்களும் உண்டு. இன்னொரு கூட்டம், இம்ப்ளாண்ட் மேல் டைட்டானியக் குழாய்களைத் திருகி, வேண்டுமென்றே சிறு இடம் விட்டுச் செய்த ஃப்ரேமை வாயிலேயே அவற்றோடு ஒட்டுகிறது. பிசகை ஒட்டுப்பசை ஏற்றுக்கொள்கிறது. பசை விட்டுப்போனால் ஒரு மதியத்தில் மறுபடி ஒட்டிவிடலாம். இம்ப்ளாண்டுக்குள் முறிந்த திருகின் அடித்துண்டை எடுப்பது அப்படியில்லை.